"அறியிக்காம்"னு (மலையாளத்துல 'தெரியப்படுத்தறோம்') சொல்லி 11 வாரம் ஆச்சு. இன்டர்வியூ முடிஞ்சும் பதில் வராதவங்க வாங்க

பனங்காட்டுக்காரி:

வீடு பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறைப் பக்கம். படிச்சதும் வேலை பாக்கறதும் கோயமுத்தூர். சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல 4 வருஷம். இருந்த ப்ராஜெக்ட் முடிஞ்சு இப்ப பெஞ்ச்ல உக்காந்திருக்கேன், எத்தனை நாளைக்கு உக்கார விடுவாங்கன்னு தெரியாது.

அதனால காக்கநாட்டுல ஒரு கம்பெனிக்கு அப்ளை பண்ணேன். அஞ்சு ரவுண்டு. ஒன்றரை மணி நேரம் ஆன்லைன் டெஸ்ட், ரெண்டு டெக்னிக்கல், ஒரு மேனேஜர் ரவுண்டு, கடைசியா ஹெச்ஆர். மேனேஜர் ரவுண்டுக்கு நேர்ல வரச் சொன்னாங்க. வயித்துவலின்னு லீவு சொல்லிட்டு விடியக்காலம் பாலக்காடு ஜங்ஷன்ல ரயில் ஏறி, எர்ணாகுளத்துல எறங்கி பஸ் பிடிச்சுப் போனேன். 10 மணின்னு சொன்னவங்க 1.40க்குக் கூப்பிட்டாங்க. 20 நிமிஷம் பேசினாங்க. நல்லாத்தான் போச்சு.

ஹெச்ஆர் ரவுண்டுல மூணு மாச சம்பள சிலிப், ஃபார்ம் 16, பிஎஃப்புக்கான யுஏஎன் நம்பர் எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. 90 நாள் நோட்டீஸைக் குறைக்க முடியுமான்னு கேட்டாங்க. இவ்வளவும் கேட்டா வேலை கெடைச்ச மாதிரிதானே நினைப்போம்? கடைசியில அந்தச் சேச்சி சிரிச்சுக்கிட்டே "அறியிக்காம்"னாங்க.

அதோட சரி. முதல் மெயிலுக்கு 'ப்ராசஸ்ல இருக்கு'ன்னு ஒத்த வரி. ரெண்டாவதுக்கு அதுவும் இல்ல. போர்ட்டல்ல போய்ப் பாத்தா 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பச்சைக் கலர்ல எரியுது.

எங்க வீட்டுக்குள்ள கேரள டவரா தமிழ்நாட்டு டவரான்னு போனுக்கே குழப்பம். மொட்டைமாடியில தண்ணி டேங்க் பக்கத்துலதான் ஒழுங்கா எடுக்கும். வீட்டுல இருக்கற நாள்ல எல்லாம் போனை ஒரு சில்வர் தம்ளருக்குள்ள போட்டு டேங்க் மேல வெச்சிடறேன், அடிச்சா கீழ வரைக்கும் கேக்கணும்னு. போன செவ்வாக்கெழம 0484ன்னு ஆரம்பிக்கற நம்பர், கொச்சிப் பக்கத்துக் கோடு. தோசைக்கரண்டியோட படியேறி ஓடினேன். கிரெடிட் கார்டு வேணுமான்னு கேட்டாங்க.

இன்னும் காத்திருக்கலாமா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்டா கெட்ட பேராயிடுமா? இந்த ரெண்டுதான் என் கேள்வி.

மட்டுறுத்துனர்:

இழை நல்ல இழை. ஆனா கம்பெனி பேர், ஹெச்ஆர் பேர், போன் நம்பர் யாரும் போடாதீங்க. போன தடவை இதுக்காகவே ஒரு இழையை மூட வேண்டி வந்துச்சு.

வேலந்தாவளம்_செக்போஸ்ட்:

11 வாரமெல்லாம் ஒரு கணக்கா தங்கச்சி? நான் 5 மாசம் பாத்தவன்.

2009ல இன்னும் மோசம். அப்ப என்கிட்ட இருந்தது தமிழ்நாட்டு சிம். எல்லையைத் தாண்டி வீட்டுக்கு வந்தா ரோமிங், வர்ற காலுக்கும் காசு பிடிப்பான். ஒரு தடவை ஹெச்ஆர் பேசிக்கிட்டு இருக்கும்போதே பேலன்ஸ் தீந்து கட் ஆயிடுச்சு. ரீசார்ஜ் கார்டு வாங்கிச் சுரண்டிப் போட்டுத் திரும்பக் கூப்பிட்டா ஆள் எடுக்கல. நான்தான் பாதிப் பேச்சுல போனை வெச்சேன்னு நெனச்சிருப்பார். இன்னிக்கு வரைக்கும் மனசுல கெடக்கு.

சித்தூர்தான்_ஆனா_வேற:

நான் சித்தூர் தாலூக்காதான், பாலக்காட்டுச் சித்தூர். நௌக்ரிங்கற வேலை தேடற சைட்ல ஊர் 'சித்தூர்'னு மட்டும் போட்டிருந்தேன். ஒரு கன்சல்டன்சியிலேர்ந்து தெலுங்குல போன். எனக்குப் புரியல, இங்கிலீஷுக்கு மாறினாங்க. "ஆந்திரா ஸ்ரீசிட்டியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை, நீங்க பக்கத்துலதானே, நாளைக்குக் காலைல 9 மணிக்கு நேர்ல வந்துருங்க"ன்னாங்க. நான் கேரளாவுல இருக்கேங்கன்னு சொன்னேன். "சித்தூர்னு போட்டிருக்கீங்களே"ன்னு என்னையே திட்டினாங்க.

இத்தனை வருஷத்துல ஒரு ஹெச்ஆர் அவ்வளவு வேகமா என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

சத்யவேடு_பையன்:

அண்ணே, அந்த இன்னொரு சித்தூர்க்காரன் நான். 2022லேர்ந்து சத்யவேடு திருப்பதி மாவட்டத்துக்குப் போயிடுச்சு, அதுக்கு முன்னாடி சித்தூர் மாவட்டம்தான்.

நீங்க நெனைக்கற மாதிரி எங்களுக்கும் வேகமெல்லாம் கிடையாது. வீட்டுல தமிழ் பேசறோம், ஆதார் ஆந்திரா, டிப்ளமோ படிச்சது மட்டும் தமிழ்நாட்டுல. 2019ல உள்ளூர்க்காரங்களுக்கு 75 சதவீதம்னு ஆந்திர சட்டசபையில சட்டம் போட்டாங்க இல்ல, அதுலேர்ந்து இன்டர்வியூவுல முதல் கேள்வியே "நீங்க லோக்கலா?"ன்னுதான். ஆதாரைக் காட்டினா சரிங்கறாங்க. டிப்ளமோ சர்டிபிகேட்டைப் பாத்ததும் முகம் மாறுது. "செக் பண்ணிட்டு செப்தாம்"னு அனுப்பிடுவாங்க. உங்க ஊர்ல 'அறியிக்காம்', எங்க ஊர்ல 'செப்தாம்'. ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்.

மூணு தொழிற்சாலைக்கு இப்படிப் போனேன். 'நீ லோக்கல் இல்ல, கிளம்பு'ன்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா எந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போகணும்னாவது தெரிஞ்சிருக்கும்.

பழைய_மாஷ்:

அம்மிணி, நான் ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார். தனியார் கம்பெனி விவகாரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் காத்திருப்பதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்தத் தாலூக்காவில் குறைவு.

அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வாணையமான கேரள பிஎஸ்சி ஆமை வேகம் என்று எல்லோரும் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கான கிளார்க் வேலை என்றால் முதலில் கெசட்டில் அறிவிப்பு வரும். பிஎஸ்சி தளத்தில் நம் ப்ரொஃபைல் வழியாக விண்ணப்பம். தேர்வு எழுத வருகிறேன் என்று நாம் கன்ஃபர்மேஷன் கொடுக்க வேண்டும், தேதி தவறினால் விண்ணப்பமே தள்ளுபடி. பிறகு ஹால் டிக்கெட், தேர்வு, விடைக்குறிப்பு. விடை தப்பு என்றால் ஆட்சேபம் தெரிவிக்க நாள் கொடுப்பார்கள். பிறகு ஷார்ட் லிஸ்ட், சர்டிபிகேட் வெரிஃபிகேஷன், கடைசியில் ரேங்க் லிஸ்ட். என் மகன் 61வது ரேங்க். எத்தனாவது ரேங்க் வரை அட்வைஸ், அதாவது வேலைக்கான பரிந்துரை, போயிருக்கிறது என்று வாராவாரம் பார்த்துக்கொண்டே இருந்தான். 48 வரை வந்தது. லிஸ்ட் காலாவதி ஆகிவிட்டது.

வேலை கிடைக்கவில்லை. ஆனால் 13 பேர் வித்தியாசத்தில் கிடைக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். உங்கள் கம்பெனியில் அந்தச் சட்டமும் செல்லாது. மெதுவாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஊமையாக இருப்பதைத்தான் பொறுக்க முடியாது.

வேலந்தாவளம்_செக்போஸ்ட்:

மாஷே, மன்னிக்கணும். 2021 பிப்ரவரியில செக்ரட்டேரியட் வாசல்ல பிஎஸ்சி ரேங்க் ஹோல்டர்ஸ் போராட்டம் பண்ணாங்களே, அவங்க எல்லாருக்கும் தன்னோட நம்பர் தெரிஞ்சுதான் இருந்துச்சு. தெரிஞ்சு என்ன பண்ணாங்க? வெயில்ல உக்காந்தாங்க.

பழைய_மாஷ்:

உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் போய் உட்கார ஒரு வாசல் இருந்தது. இந்தப் பெண் எந்த வாசலில் போய் உட்காருவாள்?

காக்கநாட்டு_ஹெச்ஆர்:

எல்லாரும் திட்டற அந்த ஆளு நான்தான். நான் வேற கம்பெனி, நம்பலாம். சொந்த ஊரு நல்லேப்பிள்ளி, அதனால கேட்டுட்டுச் சும்மா போக மனசு வரல.

உங்க 11 வாரத்தைக் கணக்குப் போடுங்க. 77 நாள். எனக்கு என்ன தோணுதுன்னா, உங்களுக்கு முன்னாடி ஒருத்தருக்கு ஆஃபர் குடுத்திருக்காங்க. அவருக்கும் 90 நாள் நோட்டீஸ். அவர் சேர்ற வரைக்கும் நிச்சயம் இல்ல, ஏன்னா 90 நாளுக்குள்ள அந்த ஆஃபரை வெச்சு அவர் வேற ரெண்டு எடத்துல பேரம் பேசுவார். அதனால ரெண்டாவது ஆளை விடாம வெச்சிருப்பாங்க. நாங்க அதுக்குப் பேக்கப்னு சொல்லுவோம். அவர் சேர்ந்துட்டா உங்களுக்கு மெயில் வராது. சேரலைன்னா அன்னிக்குச் சாயங்காலமே போன் வரும், "நாளைக்கே ராஜினாமா பேப்பர் போட முடியுமா"ன்னு.

'நீங்க ரெண்டாவது'ன்னு சொன்னா என்ன குறைஞ்சு போச்சுன்னு கேப்பீங்க. சொன்னா நீங்க வேற எடம் பாத்துப் போயிடுவீங்க. வேற ஒரு காரணமும் இல்ல.

இன்னொண்ணும் நடந்திருக்கலாம். கிளையன்ட் கையெழுத்துப் போடலைன்னா அந்த ஓபனிங்கை 'ஹோல்டு'ல போட்டுருவாங்க. ஹோல்டுன்னா ரிஜெக்ட் இல்ல, அதனால சிஸ்டம் யாருக்கும் மெயில் அனுப்பாது. மார்ச்ல கணக்கு முடிக்கும்போதுதான் பழைய ஓபனிங் எல்லாத்தையும் மொத்தமா மூடுவோம். ஏழெட்டு மாசம் கழிச்சு ராத்திரி 2 மணிக்கு 'வருந்துகிறோம்'னு ஒரு மெயில் வந்திருக்கும் பாருங்க, அது யாரும் உக்காந்து எழுதினது இல்ல. ஒரு பட்டன்.

போன் எடுக்காததுக்கும் உண்மையைச் சொல்லிடறேன். என் கையில இப்ப 35 ஓபனிங் இருக்கு. எத்தனை பேர் சேர்ந்தாங்கங்கறதுதான் என் அப்ரைசல்ல வரும், எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. 'ஏன் எடுக்கல'ன்னு காரணம் எழுதிக் குடுக்காதேன்னு எங்களுக்குச் சொல்லியே வெச்சிருக்காங்க, எழுதினா வாதம் வரும்னு. மேனேஜர் என்கிட்டயே சொல்லாம இருக்கறப்ப நான் உங்ககிட்ட என்னத்தச் சொல்ல? எடுத்துப் பேசினா பொய் சொல்லணும். அதுக்கு எடுக்காம இருக்கறதே மேல்னு விட்டுருவேன். சரின்னு சொல்லல.

கூப்பிட்டுக் கேட்டா கெட்ட பேர் ஆகாது. ஆனா "என்னாச்சுங்க?"ன்னு கேக்காதீங்க. "அந்த ஓபனிங் இன்னும் திறந்திருக்கா, ஹோல்டா, மூடியாச்சா?"ன்னு கேளுங்க. அதுக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்லிடலாம், எங்களுக்கும் மழுப்பறது கஷ்டம்.

சித்தூர்தான்_ஆனா_வேற:

அடப்பாவிகளா. ரயில்வேகாரனாவது வெயிட்டிங் லிஸ்ட் 12ன்னு நம்பர் போட்டுத் தர்றான். சார்ட் போட்டும் கன்ஃபர்ம் ஆகலைன்னா காசு தானா அக்கவுண்டுக்குத் திரும்ப வந்துடுது. நீங்க டிக்கெட்டும் தரமாட்டீங்க, ஸ்டேஷனை விட்டுப் போகவும் விடமாட்டீங்க.

காக்கநாட்டு_ஹெச்ஆர்:

ஏட்டா, நீங்க சொல்றது நியாயம். ஆனா போன மாசம் நான் ஆஃபர் குடுத்த 10 பேர்ல 4 பேர் சேர்ற அன்னிக்கு வரல. போன் ஸ்விட்ச் ஆஃப். அதுல ஒருத்தருக்கு லேப்டாப்பை கூரியர்ல அனுப்பிட்டோம், அதைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு தனிக் கதை. பதில் சொல்லாத வியாதி ரெண்டு பக்கமும் இருக்கு.

சத்யவேடு_பையன்:

அது ஒண்ணும் அதே கதை இல்ல மேடம். உங்களுக்கு 10ல 4 போச்சு. எங்களுக்கு இருக்கறதே ஒண்ணு.

பனங்காட்டுக்காரி:

ஹெச்ஆர் அக்கா, நீங்க எழுதினதை மூணு தடவை படிச்சேன். கோவம்தான் வந்துச்சு, ஆனா இத்தனை நாள்ல யாராவது நேரா பேசினாங்கன்னா அது நீங்கதான்.

முதல்ல எழுதாத ஒண்ணைச் சொல்லிடறேன். இந்தக் காக்கநாட்டு வேலைக்காகக் காத்திருக்கும்போதே பாலக்காடு டவுன்ல ஒரு சின்னக் கம்பெனியில எனக்கு ஆஃபர் வந்துச்சு. மொத்தமே பதினஞ்சு பேரு. சம்பளம் இப்ப வாங்கறதை விட 4,000 கம்மி, ஆனா வீட்டுலேர்ந்து போயிட்டு வரலாம். முதலாளியே கூப்பிட்டு "யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார். யோசிக்கறேன்னு சொன்னேன். காக்கநாட்டுல கெடைச்சிடும்னு நம்பி அவருக்குப் பதிலே சொல்லல. ரெண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கல. என்ன சொல்றதுன்னு தெரியல. அவ்வளவுதான்.

'எடுத்துப் பேசினா பொய் சொல்லணும், அதுக்கு எடுக்காம இருக்கறதே மேல்'னு நீங்க எழுதின எடத்துல அப்படியே உக்காந்துட்டேன். நானும் அதையேதான் பண்ணியிருக்கேன், அதுவும் என்னை மதிச்சுக் கூப்பிட்ட மனுஷன்கிட்ட.

பழைய_மாஷ்:

இப்போதே ஒரு மெயில் போடு அம்மிணி. நாளைக்கு என்று வைக்காதே.

டொரண்டோ_மச்சான்:

ஊரு மீனாட்சிபுரம், இப்ப கனடாவுல. ஒரு தகவல். இங்க ஒன்டாரியோவுல 2026 ஜனவரி 1லேர்ந்து சட்டமே வந்திருக்கு. 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கம்பெனி வெளியில விளம்பரம் போட்டு ஆளைக் கூப்பிட்டு இன்டர்வியூ பண்ணா, கடைசி இன்டர்வியூ முடிஞ்சு 45 நாளுக்குள்ள 'முடிவு எடுத்தாச்சா இல்லையா'ன்னு சொல்லியாகணும். விளம்பரத்துலயே இது நெஜமா காலியா இருக்கற வேலையான்னும் போடணும்.

காரணம் சொல்லணும்னு இல்ல. அப்ளை பண்ணிட்டு இன்டர்வியூவே வராதவங்களுக்கும் பொருந்தாது. அவ்வளவு சின்னச் சட்டம்தான். அதுக்கே இங்க ஹெச்ஆர் ஆளுங்க புலம்பறாங்க.

வேலந்தாவளம்_செக்போஸ்ட்:

நம்மூர்லயும் 1959லயே ஒரு சட்டம் இருந்துச்சே. 25 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற தனியார் கம்பெனியும் காலியிடத்தை எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லணும்னு. சொன்னாப் போதும், அங்கேர்ந்து ஆள் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. எடுக்காதவனுக்குப் பதில் சொல்லணும்னும் அதுல இல்ல. என் எக்ஸ்சேஞ்ச் கார்டை ரெனியூ பண்றதை விட்டே பல வருஷம் ஆச்சு, கார்டு மட்டும் இன்னும் அம்மாவோட டிரங்குப் பெட்டியில ரேஷன் கார்டு பக்கத்துல இருக்கு.

சித்தூர்தான்_ஆனா_வேற:

நடுவுல ஒரு எச்சரிக்கை. இப்படிப் பதில் வராம தவிக்கறவங்களைக் குறி வெச்சே ஒரு கூட்டம் சுத்துது. "உங்க ஃபைல் நின்னு போச்சு, 2,500 கட்டினா நகத்திடறோம்"னு என் தம்பிக்கு வாட்ஸப்ல வந்துச்சு. கம்பெனி லோகோ, அவன் இன்டர்வியூ போன தேதி எல்லாம் சரியா இருந்துச்சு. தேதி எப்படித் தெரிஞ்சுச்சுங்கறதுதான் இன்னும் புரியல. கட்டப் போனவனைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சேன். வேலை குடுக்கறவன் காசு கேக்கமாட்டான், கேட்டா அங்கயே முடிச்சுக்கோங்க.

பனங்காட்டுக்காரி:

அன்னிக்கு ராத்திரியே பாலக்காட்டு சாருக்கு மெயில் போட்டேன். வேற எடத்துக்குக் காத்திருந்தேன், அதான் பதில் சொல்லல, தப்புதான்னு அப்படியே எழுதினேன். பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. ஆள் எடுத்தாச்சாம். "சொன்னதுக்கு நன்றி, ஒரு வாரம் முன்னால சொல்லியிருந்தா உங்களுக்காக வெச்சிருப்பேன்"னு எழுதியிருந்தார். ஒரு வாரம்!

காக்கநாட்டுக்கும் ஹெச்ஆர் அக்கா சொன்ன மாதிரியே மெயில் போட்டிருக்கேன். திறந்திருக்கா, ஹோல்டா, மூடியாச்சா.

(ரெண்டு வாரம் கழிச்சு)

சத்யவேடு_பையன்:

அக்கா, ஏதாவது வந்துச்சா? நானும் அந்த மூணு வார்த்தை மெயிலை நாலு எடத்துக்கு அனுப்பினேன். ஒருத்தர் 'மூடியாச்சு'ன்னு பதில் போட்டார். நல்ல செய்தி இல்லதான், ஆனா அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

பனங்காட்டுக்காரி:

இன்னியோட 91 நாள் ஆச்சு தம்பி. போன் வரல, மெயிலுக்கும் பதில் இல்ல. அந்த முதல் ஆள் வந்து சேர்ந்துட்டார் போல. நல்லா இருக்கட்டும். போர்ட்டல்ல இன்னும் பச்சை எரியுது. டேங்க் மேல இருந்த தம்ளரை அம்மா ஒரு வாரமாத் தேடிட்டு இருந்தாங்க, எடுத்துக் குடுத்துட்டேன்.

வேற விஷயம். வர்ற சனிக்கிழமை கஞ்சிக்கோட்டுல ஒரு வாக்-இன் இருக்கு. ஐடி கம்பெனி இல்ல, ஒரு தொழிற்சாலையில ஈஆர்பி சாஃப்ட்வேர் சப்போர்ட். அன்னிக்கே ரிசல்ட் சொல்லிடுவோம்னு போட்டிருக்காங்க, பாக்கலாம். காலைல 9 மணிக்கு அங்க இருக்கணும். பாலக்காடு சுத்தி பஸ்ல போனா நேரமாயிடும். இந்தப் பக்கத்துலேர்ந்து யாராவது போறீங்களா?

காக்கநாட்டு_ஹெச்ஆர்:

போகறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க, கம்பெனி ரோலா கான்ட்ராக்டர் ரோலான்னு. வாக்-இன்ல அதைக் கடைசி வரைக்கும் சொல்லமாட்டாங்க. அப்புறம் ஒரிஜினல் சர்டிபிகேட் எதையும் அங்க விட்டுட்டு வராதீங்க, நகல் மட்டும் குடுங்க.

சித்தூர்தான்_ஆனா_வேற:

நானும் என் வீட்டுக்காரியும் அதே வாக்-இன்னுக்குப் போறோம், அவளுக்கு அக்கவுண்ட்ஸ்ல ஒண்ணு இருக்கு. மச்சானோட ஆம்னி வேன் கேட்டு வெச்சிருக்கேன், எடம் இருக்கு. 7.30க்கு கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குள்ள இருக்கற டீக்கடைக்கிட்ட நில்லுங்க. வர்றீங்களா இல்லையான்னு மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க.

பனங்காட்டுக்காரி:

வர்றேன் அண்ணா. இப்பவே சொல்லிட்டேன்.